மெற்றில்டாவை ஏற்றாத படகுகள்

செய்தி வந்தபோது நான் முற்றத்தில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். நியூசிலாந்திலிருந்து என் கணவரின் சின்னம்மாவின் மகள் அழைத்தாள். உப்புக் கையோடு கைபேசியை எடுத்துக் காதில் வைத்தேன். "மச்சாள், பக்கத்தில ஆரும் நிக்கினமோ?" என்று கேட்டாள். அப்படி ஒருவர் கேட்டால் என்ன செய்தி வரப்போகிறது என்று எங்கள் கரையில் பிறந்த எவருக்கும் தெரியும். "ஒருத்தரும் இல்லை, சொல்லுங்கோ" என்றேன். "மெற்றில்டா அக்கா மோசம் போயிட்டா" என்றாள்.

என் கணவர் சவிரிமுத்துவின் ஒரே தங்கை மெற்றில்டா. பசிபிக் சமுத்திரத்துத் தீவுகளுக்கு நடுவே ஓடுகிற ஆராய்ச்சிக் கப்பலில் வேலையாய் இருந்தபோது அவருக்கு நெஞ்சு நோவு வந்தது. கப்பலைத் திருப்பி பீஜித் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். "எந்தக் கரையில சாகிறனோ அந்தக் கரையிலேயே தாட்டு விடுங்கோ, பெட்டியை இழுத்துக்கொண்டு திரியாதேங்கோ" என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். அதன்படி அந்தத் தீவிலுள்ள ஒரு கத்தோலிக்கக் கோயிலின் சேமக்காலையில் அடக்கம் நடந்தது. அவரோடு வேலை செய்த ஆண்களும் பெண்களும் பெட்டியைத் தோளில் தூக்கிப் போனதை நாங்கள் இங்கே கைபேசியில் பார்த்தோம். அந்த ஊர்ச் சுவாமி எங்களுக்குத் தெரியாத மொழியில் செபித்தார். ஆமென் சொல்ல வேண்டிய இடம் மட்டும் விளங்கியது. சொன்னோம்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு வெளியிடும் நினைவு மலரில் ஒரு கட்டுரை எழுதித் தரும்படி எங்கள் பங்குச் சுவாமி என்னிடம் கேட்டார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் காணாதவள் நான். செபப்புத்தகமும் வேதாகமமும் வாசித்து வாசித்தே எழுத்தைப் பிடித்துக்கொண்டேன். கோயில் பெண்கள் குழுவின் வரவு செலவு என் கையில் இருப்பதால், எழுதக் கூடியவள் என்று சுவாமி நினைத்திருக்கிறார்.

"மெற்றில்டாவைப் பற்றி நல்லதா ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்றார்.

"நல்லதா எண்டால் உண்மையா எண்டுதானே சுவாமி?"

"ஓம், ஓம்" என்றார் சிரித்துக்கொண்டே. அந்த ஓமைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கோபத்தோடு எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபம் ஆறட்டும் என்று பொறுத்துப் பார்த்தேன். முழங்காலில் நின்று செபமாலை சொல்லிப் பார்த்தேன். செபமாலை முடிந்தது, கோபம் முடியவில்லை. சந்தியில் கட்டியிருக்கிற பெரிய பதாகையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 'கடல் அன்னையின் வீரப் புதல்விக்கு மீனவ மக்களின் கண்ணீர் அஞ்சலி' என்று மீனவர் சங்கம் போட்டிருக்கிறது. பூசை முடிய எல்லாப் படகுகளும் கறுப்புக் கொடியோடு கடலில் இறங்குமாம். முதல் படகின் முன்பக்கத்தில் மெற்றில்டாவின் படம் மாலையோடு போகுமாம். அந்தப் பதாகையின் கீழ் நின்று அதை வாசித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்று, நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

மெற்றில்டாவை நான் முதலில் சரியாக அறிந்துகொண்டது ஒரு படகில். அப்போது நான் மன்னார்க் கரையின் ஓலைத்தொடுவாயிலிருந்து தாழ்வுபாட்டுக்கு மணமுடித்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சண்டை மூண்டு சனம் இராமேஸ்வரத்துக்கு ஓடிய காலம். என் மாமனாரின் படகில் மாமியார், நான், அயல்வீட்டுப் பெண்கள், கைக்குழந்தைகள், விட்டுவர மாட்டேன் என்று ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்ட தையல் மெசின், எல்லாம் ஏறியிருந்தோம். படகு தாங்காத பாரம். பலகை இடுக்கால் தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஆண்கள் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு அலுமினியச் சட்டியால் தண்ணீரை இறைக்கத் தொடங்கிய ஒரு சிறுமி, மறுகரை தெரியும்வரை கையை நிறுத்தவில்லை. நான் தலை சுற்றி, வாந்தி எடுத்துக்கொண்டு படகின் ஓரத்தில் கிடந்தேன். கொஞ்சம் தெளிந்ததும், "தாங்கோ, நான் இறைக்கிறன்" என்று கையை நீட்டினேன்.

"நீங்கள் சத்தி எடுக்கிற வேலையைப் பாருங்கோ மச்சாள். இதை நான் பாக்கிறன்" என்றார் மெற்றில்டா.

கரையில் இறங்கியதும் என் கணவர் தங்கையின் தலையில் கை வைத்து, "இவள் இல்லாட்டி இண்டைக்கு எல்லாரும் மீனுக்கு இரை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அன்று அந்தப் படகில் இருந்த பெண்களில் யாருக்கு மாதத் துடக்கு, யாருக்கு இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண் ஏறினால் படகுக்கு ஆகாது என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

மண்டபம் அகதி முகாமில் இருந்துகொண்டே மெற்றில்டா கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தார். பிறகு சின்னம்மா நியூசிலாந்தில் இருந்து பொறுப்பெடுத்து அவரைக் கூப்பிட்டார். அங்கே கடலைப் பற்றி ஆராய்கிற ஓர் இடத்தில் கண்ணாடிப் போத்தல் கழுவுகிற வேலை கிடைத்தது. பகலில் போத்தல், பின்னேரத்தில் படிப்பு. ஒருமுறை கப்பலில் போக வேண்டிய ஒருவர் சுகமில்லாமல் படுத்துவிட, இவரைக் கேட்டிருக்கிறார்கள், கடலில் தலை சுற்றுமா என்று. "சுத்தினால் சுத்தட்டும், கை வேலை செய்யும்" என்றாராம். அப்படி ஏறியவர்தான். அதன்பிறகு தன் வாழ்நாளில் பாதியைப் பசிபிக் கடலில் கழித்தார். பீஜி, தொங்கா, சமோவா, கிரிபாட்டி என்று அவர் வாயிலிருந்துதான் அந்தத் தீவுகளின் பெயர்களை நான் கேட்டேன்.

அவர் என்ன வேலை செய்கிறார் என்று ஊரில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. பதாகை எழுதியவருக்கும் தெரியாது. எனக்கும் முதலில் தெரியாது. தொலைபேசியில் கேட்டேன்.

"கப்பலில என்ன மீன் பிடிக்கிறனீங்கள் மச்சாள்?"

"மீன் பிடிக்கிறேல்லை. தண்ணி பிடிக்கிறம்."

"தண்ணியை ஏன் பிடிக்கவேணும்? சுத்தவரத் தண்ணிதானே."

அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது கூசியது. பிறகு பொறுமையாகச் சொன்னார். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கூடு. அதில் வட்டமாகப் பெரிய போத்தல்கள். மேலும் கீழும் வாய் திறந்தபடி கம்பி வடத்தில் கட்டிக் கடலின் அடிக்கு இறக்குவார்கள். இறக்கவும் ஏற்றவும் மணித்தியாலக் கணக்காகும். மேலே இழுக்கும்போது ஒவ்வோர் ஆழத்திலும் ஒரு போத்தலை மூடுவார்கள். ஆகவே ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் ஒவ்வோர் ஆழத்துத் தண்ணீர். மேலே கொதிக்கிற வெயில், அடியிலிருந்து வருகிற தண்ணீரோ குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தது போல இருக்குமாம். கூடு மேலே வந்ததும் எல்லோரும் அந்தப் போத்தலில் கன்னத்தை வைப்பார்களாம்.

"இந்தத் தண்ணி கடைசியா வெயிலைக் கண்டது எப்ப தெரியுமோ? எங்கட ஊருக்கு ஞானஸ்நானம் வர முந்தி. அதுக்குப் பிறகு இருட்டுக்குள்ளேயே ஊர்ந்து ஊர்ந்து வந்திருக்கு" என்றார். அன்று முழுக்க நான் எந்தத் தண்ணீரைத் தொட்டாலும் அதையே நினைத்தேன்.

கூடு மேலே வந்த பிறகு ஆளாளுக்குத் தண்ணீர் எடுக்க முண்டியடிப்பார்களாம். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. தண்ணீரில் கரைந்த காற்றை அளக்கிறவர்கள் முதலில், ஏனென்றால் போத்தலைத் திறந்தவுடனே வெளிக் காற்று உள்ளே புகுந்துவிடும். உப்பை அளக்கிறவர்கள் கடைசியில். அந்த வரிசையை நடத்துவதுதான் மெற்றில்டாவின் வேலை. பேராசிரியரானாலும் இவர் தலையசைத்த பிறகுதான் குழாயைத் திறக்கலாம். தண்ணிப் பொலிஸ் என்று அவரைக் கப்பலில் கூப்பிட்டார்கள்.

"பாவம், உப்புக்காரரை ஏன் கடைசியில விடுறீங்கள்?" என்று கேட்டேன்.

"உப்பு எங்கயும் ஓடாது மச்சாள். பொறுத்து நிக்கும்."

ஒருமுறை கப்பல் பூமியில் திகதி மாறுகிற கோட்டைத் தாண்டியபோது சனிக்கிழமைக்கு அடுத்த நாள் திங்கட்கிழமையாகப் போய்விட்டது. அவர் உடனே எனக்கு எழுதினார்: "ஞாயிறு வரவே இல்லை. கடன் திருநாள் பூசை காணாமல் விட்டது பாவமோ எண்டு சுவாமியைக் கேட்டுச் சொல்லுங்கோ." அப்போதிருந்த சுவாமியிடம் போய்க் கேட்டேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுக்கடலில் நின்று ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமையைத் தேடுகிறார், அதில் சிரிக்க என்ன இருக்கிறது? நானே பதில் எழுதினேன்: "நீங்கள் கவலைப்படாதேங்கோ. உங்களுக்காக நான் இஞ்ச ரெண்டு பூசை காணுறன்." கண்டேன்.

நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, விடுமுறையில் வரும்போது விசித்திரமான சாமான்கள் கொண்டுவருவார். நுரைப் பிளாஸ்டிக்கால் செய்த மெத்தென்ற தேநீர்க் கோப்பைகளில் எங்கள் பெயர்களை எழுதி, ஒரு வலைப்பையில் போட்டு, அந்தக் கூட்டோடு கட்டி ஆழத்துக்கு அனுப்புவார்களாம். தண்ணீரின் பாரம் அழுத்தி, திரும்பி வரும்போது கோப்பை விரலில் மாட்டுகிற அளவுக்குச் சுருங்கி வரும். எழுத்தும் சேர்ந்து சுருங்கியிருக்கும். என் கணவரின் பெயர் எழுதிய கோப்பையை அவர் தன் படகின் முன்பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டார். தங்கை தந்த கோப்பைக்குப் படகில் இடமிருந்தது.

கிரிபாட்டித் தீவுகளைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வார். "தாழ்வுபாடு மாதிரியே கிடக்கு மச்சாள். அதே மணல், அதே கருவாட்டு மணம். பனை மட்டும் இல்லை." அங்கே தண்ணீர் எடுக்க முன்னர் ஊர்ப் பெரியவர்களிடம் போய்ப் பாயில் உட்கார்ந்து உத்தரவு கேட்க வேண்டுமாம். தகப்பன் யார், என்ன தொழில் என்று விசாரிப்பார்கள். கடல்தொழில் என்றால் முகம் மலர்ந்துவிடும். ஆனால் அப்படி ஒரு தீவில், பெண்களை ஆண்களின் வள்ளத்தில் ஏற்றுவதில்லை என்றார்களாம். பிறகு யோசித்து, "நீங்கள் விருந்தாளிதானே, ஏறலாம்" என்று ஏற்றிப் போனார்களாம்.

இதை அவர் சொன்னது, இனி நான் எழுதப்போகிறது நடந்த பிறகு. "அங்கயும் உங்கட அண்ணனைப் போல ஆக்கள்தான் போல" என்றேன்.

"ஓம். ஆனா அவை என்னை ஏத்தினவை" என்றார்.

சண்டை முடிந்து நாங்கள் ஊர் திரும்பிச் சில வருடங்கள் கழித்து மெற்றில்டா பெட்டிகளோடு வந்து இறங்கினார். தெற்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தார் எங்கள் கடலில் தண்ணீர் எடுத்துத் தர ஆள் தேடியிருக்கிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை, குறித்த சில இடங்களில், ஒரு வருடத்துக்கு. கடல் சூடேறுகிறதா, முருகைக்கல் என்கிற பவளப்பாறையும் கடற்புல்லும் என்ன ஆகின்றன என்று அறிய. அந்த ஒரு வருடம் சரியாக நடந்தால், மன்னாரிலேயே நிரந்தரமாக ஓர் ஆய்வு நிலையம் போட்டு இவரைப் பொறுப்பாக வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

குசினியில் எனக்கு வெங்காயம் உரித்துத் தந்துகொண்டு சொன்னார்: "இது சரிவந்தால் நான் இனிப் போகமாட்டன் மச்சாள். பசிபிக்கை வேற ஆரும் பாத்துக்கொள்ளட்டும். எனக்கு என்ர கடல் வேணும்."

அவருக்கென்று ஓர் அறையைத் துப்புரவாக்கினோம். ஓர் அலுமாரி, மேசை, கதிரை போட்டோம். சுவரில் மாதா படம் மாட்டினோம். அன்றிரவு சாப்பாட்டில் அவர் தமையனைக் கேட்டார்.

"அண்ணா, வெள்ளிக்கிழமை விடிய வெளிக்கிடுவமோ?"

"எங்க?"

"கடலுக்கு. உங்கட போட்டில."

என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சாமானைத் தா. எப்பிடி அள்ளுறதெண்டு சொல்லித் தா. நாங்கள் அள்ளி வாறம்."

"நான் இருக்கேக்க ஏன் நீங்கள் அள்ளவேணும்?"

"பொம்பிளையைப் போட்டில ஏத்திறேல்லை எண்டு உனக்குத் தெரியாதோ?"

"போன கிழமை ஒரு வெள்ளைக்காரியை டொல்பின் காட்டக் கூட்டிக்கொண்டு போனவை எண்டு கேள்விப்பட்டன்."

"அவ வேற."

"என்ன வேற?"

"அவ அண்டைக்கே போயிடுவா. நீ இஞ்ச இருக்கப்போறாய். நாளைக்கு ஒருத்தனுக்கு மீன் படாட்டி உன்னைத்தான் சொல்லுவாங்கள். என்ர தங்கச்சியை ஒருத்தன் வாய் திறந்து சொல்ல நான் விடமாட்டன்."

நான் அப்போதே சொன்னேன். "ஏத்துங்கோ. மாதா ஒண்டும் கோவிக்கமாட்டா." என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "மாதாவுக்கு நீயோ காரியதரிசி?" என்றார்.

மெற்றில்டா வேறு படகுக்காரரிடம் போனார். இந்த மலரை வாசிக்கிறவர்களில் சிலரின் வீடுகளுக்கும் வந்தார். வந்தாரா இல்லையா என்று நீங்களே உங்கள் மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். "அண்ணன் ஏத்தாத ஆளை நான் எப்பிடிப் பிள்ளை ஏத்திறது? அவற்ற முகத்தில முழிக்கவேணுமே" என்று ஒருவர் சொன்னார். மற்றவர்களும் அதையே வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். தேத்தண்ணீர் மட்டும் எல்லா வீட்டிலும் கொடுத்தார்கள்.

வேறு வழியில்லாமல் மெற்றில்டா தமையனுக்கும் அவரோடு தொழிலுக்குப் போகிறவர்களுக்கும் தண்ணீர் எடுக்கப் பழக்கினார். எங்கெங்கே எடுக்க வேண்டும் என்று கைபேசியில் குறித்துக் கொடுத்தார். அந்தந்த இடத்துத் தண்ணீராலேயே போத்தலை மூன்று முறை அலச வேண்டும். விளிம்புவரை நிரப்பி, காற்றுக் குமிழ் இல்லாமல் மூட வேண்டும். என் கணவர் நல்ல பிள்ளை போல எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெள்ளிக்கிழமை போத்தல்களைத் துவாயில் சுற்றி, முட்டைகளைக் கொண்டுபோவது போலக் கொண்டுபோனார். மத்தியானம் திரும்பியபோது ஒவ்வொரு போத்தலும் துடைத்து மினுக்கி, ஒட்டிய பெயர் கலையாமல் வரிசையாக வந்து சேர்ந்தது. படகு நிறையப் பாரை மீனும் வந்தது. ஊரே சந்தோசப்பட்டது.

மெற்றில்டா மேசையில் தன் கருவியை வைத்து ஒவ்வொரு போத்தலாக அளந்தார். நான் பக்கத்தில் நின்றேன். பாதியில் நிறுத்திவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தரம் அளந்தார். பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டார்.

"அண்ணா, இதெல்லாம் எங்க அள்ளினது?"

"நீ சொன்ன இடத்திலதான்."

"மணல்திட்டுக்கு இந்தப் பக்கத் தண்ணிக்கும் அந்தப் பக்கத் தண்ணிக்கும் உப்பு ஒண்டாய் இருக்காது. இதில எல்லாம் ஒரே உப்பு."

என் கணவர் தாடையைச் சொறிந்தார். "வழியில பாரை படுதெண்டு சொன்னாங்கள். நேரம் போட்டுது. ஒரு இடத்தில நிண்டு எல்லாத்தையும் நிரப்பினனாங்கள். ஏன் பிள்ளை, கடல் ஒண்டுதானே?"

அவர் பொய்க்காரரில்லை. அதையும் இங்கே எழுத வேண்டும். கடல் ஒன்றுதான் என்று அவர் மனதார நம்பினார். மீன் எங்கே நிற்கும், நீரோட்டம் எப்போது திரும்பும் என்று கடலைப் பங்கு பங்காக அறிந்தவர், தண்ணீர் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்று என்று நினைத்தார். எங்கள் கரையில் எவரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அதனால்தான் அந்தப் படகில் மெற்றில்டா இருந்திருக்க வேண்டும்.

"அடுத்த முறை என்னை ஏத்துங்கோ. கேக்கிறன் அண்ணா."

"ஏலாது."

"இராமேஸ்வரத்துக்கு ஓடின அண்டைக்கு நான் எதுக்குள்ள இருந்தனான்? சைக்கிள் கரியரிலயோ?"

என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மெற்றில்டா அந்தப் போத்தல்களை ஒரு கூடையில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு கரைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அலை காலைத் தொடுகிற இடத்தில் நின்று ஒவ்வொரு மூடியாகத் திறந்து கடலுக்குள் ஊற்றினார். வலை திருத்திக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்: "என்ன மெற்றில்டா, கடலுக்குத் தண்ணி வாக்கிறியோ?"

"ஓம். வாடிப் போய்க் கிடக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வெறும் போத்தல்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

பல்கலைக்கழகத்தாருக்கு உள்ளதை உள்ளபடி சொன்னார். எடுத்த தண்ணீர் உதவாது, எடுக்கப் படகும் இல்லை. அவர்கள் அந்த வேலையை வேறொரு கரைக்குக் கொண்டுபோனார்கள். பெட்டிகளைக் கட்டும்போது, "எங்களில கோவமோ மச்சாள்?" என்று கேட்டேன்.

"கோவம் என்னத்துக்கு? எனக்கு இஞ்ச வேலை இல்லை. அங்க இருக்கு. அவ்வளவுதான்."

அவர் கோபப்படவில்லை. அதனால்தானோ என்னவோ, அது முழுவதும் என்னிடம் வந்து தங்கிவிட்டது. அதன்பிறகு அவர் ஊருக்கு வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அழைப்பார். தமையனோடும் அன்பாகத்தான் கதைப்பார். கடலைப் பற்றி மட்டும் இருவரும் கதைப்பதில்லை. என்ன சமைத்தீர்கள், முழங்கால் நோவு எப்படி, மழை பெய்ததா. ஒரே கடலில் பிழைக்கிற அண்ணனும் தங்கையும் மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது சொல்லுங்கள். உயிரோடு இருந்தவரை ஒரு மணித்தியாலம் ஏற்றாத படகில், செத்தபிறகு படத்தை ஏற்றுகிறீர்கள். கடல் அன்னையின் புதல்வி என்கிறீர்கள். அந்தப் புதல்வி தாய் வீட்டுக்குள் கால் வைக்கக் கேட்டபோது தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினீர்கள். இங்கே அந்த நிலையம் வந்திருந்தால் அவர் எங்கள் வீட்டு அறையில் இருந்திருப்பார். நெஞ்சு நோவு எங்கேயும் வரும், அது ஆண்டவரின் சித்தம். ஆனால் வந்த நேரம் கையைப் பிடிக்க நான் இருந்திருப்பேன். ஆண்டவரின் சித்தத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் சித்தத்தை ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. போன கிழமை என் கணவர் வந்து கேட்டார்.

"மெற்றில்டாவின்ர படத்தைத் தா. சட்டம் போடவேணும்."

"எதுக்கு?"

"முதல் போட்டில வைக்க. எங்கட போட்டுத்தான் முன்னுக்குப் போறது. சங்கம் முடிவெடுத்தது."

"அது பொம்பிளைப் படம்."

அவர் போகத் திரும்பினார்.

"சங்கத்திட்டப் போய்க் கேளுங்கோ" என்றேன். "படத்தை நான் பிடிச்சுக்கொண்டு வாறன். என்னையும் போட்டில ஏத்துவினமோ எண்டு கேளுங்கோ."

போனார். பொழுதுபட்டுத் திரும்பி வந்து, கிணற்றடியில் வெகுநேரம் கால் கழுவினார். "படம் மட்டும் போதுமாம்" என்றார்.

"அப்ப படம் இல்லை" என்றேன்.

இவ்வளவும் எழுதிய பிறகு, என் கணவரைக் கதிரையில் இருத்தி முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி ஊருக்கு எழுதுவது நீதியில்லை. அலுமினியச் சட்டி வந்த இடத்தில் துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். முடிந்ததும், "வெட்டவேண்டியதைச் சொல்லுங்கோ, வெட்டுறன்" என்றேன்.

துவாயை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஒண்டையும் வெட்டாதே. நான் அழுதனான் எண்டும் எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். அழுதார். "அப்ப என்னை உங்கட போட்டில ஏத்துவீங்களோ?" என்று கேட்டேன். எண்ணெய்க் கானை எடுத்துக்கொண்டு படகடிக்குப் போனார்.

நீங்கள் கேட்கிற படம் எப்படிப்பட்டது என்று தெரியுமா? ஒரு தீவின் உள்கடலில், கப்பலின் சிறிய படகொன்றில் எடுத்தது. மஞ்சள் மிதவைச் சட்டை, காற்றில் கலைந்த தலைமயிர், கழுத்தில் மாதாவின் உத்தரியக் கயிறு. பின்பக்கத்தில் அவர் இருக்கிறார். எஞ்சினின் பிடி அவர் கையில். படகை ஓட்டிக்கொண்டிருப்பவர் அவர்தான். முன்னால் நாலு ஆண்கள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகவே சொல்கிறேன். முப்பத்தோராம் நாள் பூசை முடிய நான் அந்தப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கரைக்கு வருவேன். யாரிடமும் கொடுக்க மாட்டேன். படத்தோடு என்னையும் ஏற்றுகிற படகு எதுவோ, அது என் கணவரின் படகோ வேறு எவரின் படகோ, அதில் மெற்றில்டா போவார். ஒரு படகும் ஏற்றாவிட்டால், நீங்கள் கொடிகளோடு போய் வாருங்கள். நாங்கள் இருவரும் மணலில் நிற்போம். கடலில் இருந்து திரும்பிப் பார்க்கும்போது உங்களுக்கு எங்கள் இருவரின் முகமும் நன்றாகத் தெரியும். என்னோடு வந்து நிற்க விரும்புகிற பெண்கள் வரலாம்.

மெற்றில்டா மச்சாள், ஆண்டவரின் நிழலில் நீங்கள் ஆறுதலாய் இருங்கோ. உங்களுக்கு வேலை முடிஞ்சுது. எனக்கு இஞ்ச வேலை கிடக்கு.